புதுச் செயின் மாட்டியும் சைக்கிள் மிதி ஏன் நழுவுகிறது?

செயின் புத்தம் புதிது. ஆனாலும் மேட்டில் அழுத்தி மிதித்தால் ‘டக்’கென்று நழுவுகிறதா?

பழைய செயின் ‘நீண்டுவிட்டது’ என்போம். இரும்பு நீளவில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்கள் தேய்ந்ததால், அவற்றுக்கிடையே இருந்த அரை அங்குல இடைவெளி மயிரிழை கூடிவிட்டது. அந்தத் தப்பான இடைவெளிக்கு ஏற்றபடியே ஃப்ரீவீல் பற்களும் தேய்ந்திருக்கும்.

ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். குழியும் குழவியும் சேர்ந்தே தேயும். பழைய குழியில் புதுக் குழவி பொருந்துமா?

பழைய செயினைக் கழற்றும் முன் ஒரு ஸ்கேல் எடுங்கள். 24 கண்ணிகள், பின் நடுவிலிருந்து பின் நடுவரை, சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1.5 மி.மீ. கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். ஃப்ரீவீல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 3 மி.மீ. ஆகிவிட்டதா? இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.