மழலை அறிவும் அளவுகோலும்

படமொன்றில் வெண்ணிறக் குவியலும் அருகே ஒரு மண்வெட்டியும் வரையப்பட்டுள்ளன. இது யாது என வினவினால், ஐரோப்பியக் குழந்தை பனி என விடை கூறக்கூடும். ஆரோவிலுக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு வளரும் குழந்தையோ உப்பு என்றே சொல்லும். பனி என்பது மட்டுமே சரியான விடையெனில், உப்பளக் குழந்தை மதிப்பெண்ணை இழக்கும். இங்குக் குறை வினாவில்தான் உள்ளது.

குழந்தைகளின் அறிதிறனை அளக்கும் முயற்சி 1905இல் பாரிசில் உருப்பெற்றது. பள்ளியில் தனி உதவி தேவைப்படும் மாணவரை இனங்காண, ஆல்ஃபிரெட் பினேவும் தியோடோர் சிமோனும் எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் 30 சோதனைகளை வகுத்தனர். அவை தரும் மதிப்பீடு மாறாத விதியன்று எனப் பினே வலியுறுத்தினார். பின்வந்தோர் பலர் அதனை எளிதில் மறந்தனர். இந்தியாவில் வி. வி. காமத் 1934இல் பினே சோதனையைக் கன்னடத்திற்கும் மராத்திக்கும் ஏற்ப அமைத்தார்.

ஒரே மதிப்பெண் பெற்ற இரு குழந்தைகளுள் ஒன்றுக்கு நினைவாற்றலிலும் மற்றொன்றுக்குக் கவனத்திலும் இடர்ப்பாடு இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதே நரம்பு உளவியல் சோதனையின் பணி. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 5 முதல் 15 வயது வரையுள்ளோர்க்கென 2004இல் இத்தகைய சோதனைத் தொகுதியை வெளியிட்டது. அதிலுள்ள ஒரு சோதனையில் 15 சொற்கள் ஐந்து முறை படித்துக்காட்டப்படும்; ஒவ்வொரு முறையும் குழந்தை நினைவிலுள்ளவற்றைத் திருப்பிச் சொல்லும். முதல்முறை நான்கே சொற்களைக் கூறிய குழந்தை ஐந்தாம் முறை பன்னிரண்டைக் கூறினால், அதன் கற்றல் திறன் நன்றாகவே உள்ளது. சிறிது நேரங்கழித்துக் கேட்கையில் அவை பெரிதும் மறந்துபோயிருப்பின், இடர்ப்பாடு நினைவில் தக்கவைப்பதில் உள்ளது எனக் கருதலாம்.

வயதும் கருதத்தக்கது. திட்டமிடுதலுக்கும் தன்னடக்கத்திற்கும் துணைநிற்கும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதுக்கு மேலும் ஆகும். எனவே, ஐந்து வயதுக் குழந்தையை அதன் ஒத்த வயதினரோடு மட்டுமே ஒப்பிடுதல் முறையாகும்.

மொழி இதனினும் நுட்பமான சிக்கலைத் தருகிறது. 1968இல் தோன்றிய ஆரோவிலில் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே புழங்குகின்றன. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் குழந்தைக்குச் சொற்பட்டியலை எம்மொழியில் படித்துக்காட்டுவது? ஒரு மொழியில் மட்டும் சோதித்தால், பாதிக் குழந்தையையே சோதித்ததாகும். சொற்களைத் தவிர்த்து, கட்டைகளைத் தொட்ட வரிசையிலேயே திரும்பத் தொடச்செய்யும் சோதனைகளும் உள்ளன. ஆயினும், அவற்றிலும் பழக்கத்தின் பங்கு அறவே நீங்குவதில்லை.

இத்தனை வரம்புகளுக்கிடையிலும் இச்சோதனைகள் பயன் தருவதற்கு வேலூர் சான்றாகும். 2010 முதல் 2012 வரை அந்நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 251 குழந்தைகளைக் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு வயதிற்குள் உடலில் இரும்புச்சத்துக் குறைந்திருந்த நிலைக்கும் ஐந்தாம் வயதின் குறைந்த அறிதிறன் மதிப்பெண்களுக்கும் தொடர்பிருப்பதை அவர்கள் கண்டனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்து அளிக்க வகைசெய்யும் அரசுத் திட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. அம்மருந்தின் ஒருவேளை அளவு ஒரு மில்லிலிட்டர்.