நிலவறையில் கிடந்த மூளைகள்

அமெரிக்காவில் நியூஹேவன் என்று ஓர் ஊர். யேல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

1990-ம் ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் விடுதியில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. இரவில் மாணவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நிலவறைக்கு இறங்குவார்கள். அங்கே ஓர் அறை. அதற்குள் எப்படியோ நுழைந்து விடுவார்கள். அலமாரிகளில் வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்கு ஒன்றாக மனித மூளைகள்!

சில ஜாடிகளில் மருந்துத் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. சில உடைந்திருந்தன. ஒரு பக்கம் கண்ணாடித் தகடுகளில் எடுத்த போட்டோ நெகட்டிவ்கள் குவிந்து கிடந்தன. வந்து பார்த்தவர்கள் அங்கிருந்த பலகையில் தங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

இது பேய் பங்களா சமாசாரம் அல்ல. மூளை ஆபரேஷன் என்ற துறைக்கே அஸ்திவாரம் போட்ட டாக்டர் ஹார்வி குஷிங் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த சொத்து அது.

மூக்கில் வைத்த ஈதர்

குஷிங் 1869-ல் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். தகப்பனார் டாக்டர். தாத்தாவும் டாக்டர்.

பாஸ்டனில் மருத்துவ மாணவராக இருந்தபோது ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலையை அவரிடம் விட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் தனிப் படிப்பு கிடையாது. மாணவன் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு நோயாளி குஷிங்கின் கண் எதிரிலேயே இறந்து போனார். "இதெல்லாம் சகஜம்" என்ற மாதிரி மற்றவர்கள் எடுத்துக் கொண்டார்கள். குஷிங்கால் முடியவில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு மனம் உடைந்தார்.

பிறகு அவரும் உடன் படித்த காட்மன் என்ற நண்பரும் ஒரு போட்டி போட்டார்கள். யார் நன்றாக மயக்க மருந்து கொடுக்கிறார்களோ அவர்களுக்கு மற்றவர் விருந்து வைக்க வேண்டும்! அதற்காக நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சையும் நிமிஷக் கணக்கில் ஒரு தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். 1890-களில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய அந்தக் குறிப்புத் தாள்தான் இன்று ஆபரேஷன் அறைகளில் கட்டாயமாக வைக்கப்படும் மயக்கப் பதிவேட்டின் முன்னோடி.

1901-ல் இத்தாலிக்குப் போனவர், அங்கே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கண்டார். அதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்து அந்த அளவையும் பதிவில் சேர்த்தார்.

காணாமல் போன கட்டி

குஷிங் பால்டிமோரில் வேலை பார்த்தபோது ஒரு சம்பவம். இறந்த நோயாளி ஒருவரின் தலையிலிருந்து எடுத்த கட்டி பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. போனது போனதுதான், திரும்பவில்லை. யாரோ எங்கோ வைத்துத் தொலைத்து விட்டார்கள்.

பைல் தொலைந்த ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய கோபம் புரியும். இனிமேல் நான் எடுத்ததை நானே வைத்துக் கொள்கிறேன் என்று அனுமதி வாங்கினார். அன்றிலிருந்து எடுத்த கட்டி, இறந்தவரின் மூளை, மைக்ராஸ்கோப் சில்லு, நோயாளியின் போட்டோ, கேஸ் குறிப்பு எல்லாம் அவர் வசம்.

பிழைத்துப் போனவர்களையும் அவர் விடவில்லை. ஆபரேஷன் நடந்த தேதியில் ஆண்டுதோறும் கடிதம் போட வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். தலைவலி உண்டா, பார்வை எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா? பதில்கள் எல்லாம் கேஸ் பைலில் ஏறின.

சுபாவத்தில் அவர் மென்மையானவர் அல்ல. உதவி டாக்டர்களை வறுத்து எடுத்து விடுவார். ஆனால் நோயாளியின் தலையில் கை வைக்கும்போது அவ்வளவு பொறுமை. ரத்தக் குழாயை அடைக்கச் சின்ன வெள்ளிக் கிளிப் செய்தார். 1926-ல் மின்சாரத்தால் ரத்தத்தை நிறுத்தும் முறையைக் கொண்டு வந்தார். மூளை ஆபரேஷன் என்றாலே சாவு என்றிருந்த காலத்தில், அவர் கையில் இறந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? ஒரு பெண்மணி எழுதி வைத்திருந்தார்.

கறுப்பு நோட்டு

அவர் பெயர் லூயிஸ் ஐசன்ஹார்ட். 1915-ல் குஷிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். டாக்டராக அல்ல. குஷிங் எழுதிக் கொண்டிருந்த புத்தகத்துக்கு உதவியாகக் கையெழுத்துப் பிரதி பார்ப்பது போன்ற ஆபீஸ் வேலைதான். சில ஆண்டுகள் அதைச் செய்துவிட்டு, தானும் மருத்துவம் படிக்கப் போனார். 1925-ல் பட்டம் வாங்கிக் கொண்டு பழைய இடத்துக்கே டாக்டராகத் திரும்பினார்.

ஆபரேஷன் நடக்கும்போதே வெட்டிய துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அது என்ன வகைக் கட்டி என்று சொல்லி விடுவார். தலை திறந்திருக்கும், குஷிங் பதிலுக்குக் காத்திருப்பார்.

ஒவ்வொரு ஆபரேஷனையும் அதன் முடிவையும் ஒரு சின்னக் கறுப்பு நோட்டில் ஐசன்ஹார்ட் எழுதினார். பிழைத்தவர், இறந்தவர், எல்லாம். தோல்வியை மறைக்க அந்த நோட்டில் இடமில்லை. 1931 ஏப்ரல் 15-ந் தேதி குஷிங் இரண்டாயிரமாவது மூளைக் கட்டியை அகற்றினார். அது இரண்டாயிரமாவது என்று அடித்துச் சொல்ல முடிந்ததே அந்தப் பதிவினால்தான்.

பிற்காலத்தில் மூளை அறுவை டாக்டர்களின் சங்கத்துக்கே ஐசன்ஹார்ட் தலைவரானார். 1944-ல் தொடங்கிய அத்துறைப் பத்திரிகைக்கு முதல் ஆசிரியரும் அவரே.

பாஸ்டனில் ஓய்வு பெற்ற குஷிங் 1933-ல் யேலுக்குப் போனார். சேகரிப்பும் பின்னாலேயே போனது. பார்த்துக் கொள்ள ஐசன்ஹார்ட்டும் போனார்.

1939 அக்டோபரில் குஷிங் மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் ஓர் ஆச்சரியம். அவருடைய மூளைக்குள்ளேயே ஒரு சின்னக் கட்டி இருந்தது! அது அவருக்குத் தொந்தரவு கொடுத்ததே இல்லை.

கேட்பாரற்ற காலம்

1967-ல் ஐசன்ஹார்ட்டும் காலமானார். அதற்குப் பிறகு யார் கவலைப்பட்டார்கள்? புதிய கருவிகள் வந்து விட்டன. ஜாடிகள் இடத்தை அடைத்தன. கடைசியில் விடுதியின் நிலவறைக்கு இறக்கி விட்டார்கள். ரிக்கார்டு ரூம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பழைய பதிவேடுகளுக்கு எப்போதும் மாடிப்படிக்கு அடியில்தான் இடம்.

இரவில் எட்டிப் பார்த்த மாணவர்களில் ஒருவர் மட்டும் வேடிக்கையோடு நிற்கவில்லை. அந்தச் சேகரிப்பையே தம் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக் கொண்டார். யேலின் மூளை அறுவைத் துறைத் தலைவர் டென்னிஸ் ஸ்பென்சர் அக்கறை எடுத்தார். ஜாடிகளைச் சுத்தம் செய்து, மருந்து மாற்றி, சீட்டுகளைச் சரிபார்த்து ஒழுங்கு செய்ய ஆண்டுக்கணக்கில் ஆயிற்று.

2010 ஜூனில் மருத்துவ நூலகத்தின் கீழ்த்தளத்தில் குஷிங் மையம் திறக்கப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்ட ஜாடிகள் வெளிச்சத்துக்கு வந்தன. சேகரிப்பில் சுமார் 2,200 நோயாளிகளின் குறிப்புகளும், பத்தாயிரத்துக்கும் அதிகமான நெகட்டிவ்களும் இருக்கின்றன.

மூளைகளை விட மனதைப் பிடித்து உலுக்குபவை போட்டோக்கள்தான். மழித்த தலையோடு காமிராவைப் பார்க்கும் பெண்கள், தையல் போட்ட குழந்தைகள், கண் தெரியாமல் எங்கோ பார்ப்பவர்கள். அவர்களில் எத்தனை பேரிடம் இன்றைய முறைப்படி சம்மதம் கேட்டார்கள் என்ற கேள்வி எழும். எழ வேண்டியதுதான். அவர்கள் காட்சிக்காகப் படம் எடுத்துக் கொண்டவர்கள் அல்ல, பிழைப்போமா என்று வந்தவர்கள்.

2017-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. குஷிங் பார்த்த ஒரு நோயாளிக்கு, அவர் காலத்தில் பெயரே வைக்கப்படாத ஒரு பரம்பரை வியாதி இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நோயாளியும் போய், டாக்டரும் போய், பல பத்தாண்டுகள் கழித்து வியாதிக்குப் பெயர் கிடைத்தது. அவருடைய கேஸ் குறிப்பு தொலையாமல் இருந்தது.