கோமேதகத்தின் உறவினர்: கார்னெட் மணலுக்குச் சான்று யார் தருவது?

2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றளிப்புத் திட்டம், பட்டை தீட்டாத வைரங்களை மட்டுமே கண்காணிக்கிறது. கிளர்ச்சிப் படைகளின் போருக்குப் பணம் தரும் வைரமே அதற்குக் குருதி வைரம். தொழிலாளியின் கூலியும் சாதியும் அவ்வரையறைக்குள் வருவதில்லை.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இக்குறை வெளிப்படையாகத் தெரிகிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இக்கரையோர மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். எரிவாயு விளக்கின் மேண்டிலுக்கு அதிலுள்ள தோரியம் தேவைப்பட்டது. இன்று பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். அங்கு இல்மனைட், சிர்க்கான், கார்னெட் முதலியவற்றைப் பிரித்தெடுக்கிறது. நவரத்தினங்களுள் ஒன்றான கோமேதகமும் கார்னெட் வகையே. மணலாகக் கிடைக்கும் கார்னெட்டோ உலோகத்தைத் தேய்க்கவும் வெட்டவும் பயன்படுகிறது. அதற்குக் கிம்பர்லி போன்ற ஏற்பாடு கிடையாது.

2013இல் தமிழக அரசு தனியார் தாதுமணல் அள்ளுவதைத் தடை செய்தது. முறைகேடுகளை சிபிஐ விசாரிக்க 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இதற்கிடையே கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். முன்வைத்த திட்டத்துக்குக் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர்.

அரசு நிறுவனம் என்றால் நியாயமான கொள்முதல் என்று கொள்வது அவசர முடிவு. பொதுத்துறையின் நிரந்தரப் பணியில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்ததாரர் அமர்த்தும் தொழிலாளருக்கு அது பொருந்தாது. கதிரியக்கத் தாது கலந்த மணலைக் கையாளும் ஒப்பந்தத் தொழிலாளர் எச்சமூகத்தினர், அவர்கள்மீது படும் கதிர்வீச்சு அளவிடப்படுகிறதா என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க முடியும்.