பாலாற்று வழக்கும் மாமல்லபுரத்து அலையும்

ஜோலார்பேட்டைக்குக் கடல் வெகுதூரம். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூரைத் தொட்டு ஓடும் பாலாறு, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலில் கலக்கிறது. அதற்கு வடக்கே மாமல்லபுரம்; 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்த கரை. அந்த அலைகளைக் காக்கும் சட்டத்தின் வேர் நம் ஆற்றில் இருக்கிறது.

என்ன ஆபத்து?

அலை எங்கே எழும், எப்படி மடியும் என்பதைக் கடலடி மணல்மேடுகள் தீர்மானிக்கின்றன. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. அலைதடுப்புச் சுவரோ, கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவோ குறுக்கிட்டால், தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் புதுச்சேரி தன் மணற்கரையையே இழந்தது. அரிப்பில் வீடிழக்கும் மீனவர்கள் தூண்டில் வளைவு கேட்பது உயிர்த்தவிப்பு. ஆனால் ஓர் ஊரைக் காக்கும் கல், வடக்கே அடுத்த ஊரின் கரையைப் பறிக்கும்.

ஸ்பெயினின் முண்டாக்காவில் 2003இல் முகத்துவாரத்து மணலைத் தோண்டியதும் புகழ்பெற்ற அலை கெட்டது. 2005இல் சர்வதேசப் போட்டி ரத்தானது.

என்ன உரிமை?

பெரு நாடு 2000இலேயே அலைகளுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. நியூசிலாந்து 2010இல் அலைச்சறுக்குக்கு ஏற்ற 17 அலையிடங்களைப் பட்டியலிட்டுக் காக்கிறது. நம் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் காக்கிறது. அலையிடங்களுக்கு அதில் இடமில்லை.

ஆனால் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்கு எதிரான வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது: கேட்டை முன்கூட்டியே தடுக்க வேண்டும்; கேடில்லை என்று நிரூபிப்பது திட்டம் கொண்டுவருபவரின் பொறுப்பு; கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இக்கோட்பாடுகளின்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டுச் சட்டம்.

என்ன செய்யலாம்?

• துறைமுகம் போன்ற பெரிய திட்டங்களின் பொதுக் கருத்துக்கேட்பில் கரையோர மக்கள் நேரில் பேசலாம். அக்கறையுள்ள மற்றவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். மணல் நகர்வு ஆய்வைக் கேளுங்கள்.

• திட்ட ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கோரலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

• சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து, சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அனுமதிக்கப்படும்.

• பாலாற்றில் மணல் திருட்டைக் கண்டால் திருப்பத்தூர் ஆட்சியரிடம் புகார் கொடுங்கள். ஆறு மணல் கொண்டு சேர்க்காவிட்டால் கரை மெலியும்.

கல் விழுந்தபின் போராடுவது கடினம். அறிவிப்பு வந்த அன்றே எழுதுங்கள்.