புல்வெளி என்றால் தரிசு இல்லை

ஊட்டியில் இருந்து கூடலூர் போகும் சாலையில் மேடும் சரிவுமாகப் பச்சைப் புல்வெளி விரிந்து கிடக்கும். பேர் வென்லாக் டவுன்ஸ். அதில் ஒரு பகுதி 18 குழி கோல்ஃப் மைதானம். 'டவுன்ஸ்' என்பதை ஊர், நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளில் உள்ள புல்வெளிக்கு அந்த நாட்டுக்காரர்கள் வைத்த பேர் அது. சொந்த ஊர் ஞாபகத்தில் அதையே நீலகிரிக்கும் சூட்டி, 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பேரையும் சேர்த்துவிட்டார்கள்.

அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளில் மேல்மண் ரொம்ப மெலிசு, சத்தும் குறைவு. ஆடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்ததால், ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள் வரை அங்கே பார்க்கலாம். அதே இடத்தில் ரசாயன உரத்தைக் கொட்டினால் நாலைந்து முரட்டுப் புல் மட்டும் ஓங்கி வளர்ந்து, மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். கோல்ஃப் மைதானத்திலும் உரம் போட்டு ஒட்ட வெட்டும் இடத்தில் இந்த வளம் தங்காது. தொடாமல் விட்ட ஓரங்களில்தான் தங்கும்.

நீலகிரி சுண்ணாம்பு பூமி இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து, யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள். பிறகு ஊட்டி மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்று புல்வெளியாகவே இருந்தது. மற்றதில் பாதிக்கு மேல் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து ஆண்டில் நட்ட பக்கம் தண்ணீர் வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரம் நட்டால் மழை, தண்ணீர் என்று நாம் மேடையில் பேசுவது எல்லா மண்ணுக்கும் பொருந்தாது.

நம்ம சங்கரன்கோவில் பக்கம் வருவோம். அறுப்பு முடிந்ததும் காட்டில் ஆட்டுக் கிடை போடுகிறோம். புழுக்கையும் மூத்திரமும் அப்படியே மண்ணில் சேர்கிறது. அதைவிட நல்ல உரம் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆனால் கிடை ஆடு வருசம் முழுக்க எங்கே மேயும்? மேய்ச்சல் புறம்போக்கில்தான். அங்கே கொழுக்கட்டைப் புல்லும் அருகும் இருந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. மிச்சத்தில் கட்டடம் வருகிறது, இல்லாவிட்டால் மரக்கன்று விழா நடக்கிறது. கீதாரிகள் ஊர் ஊராக அலைகிறார்கள். மேய்ச்சல் போனால் ஆடு போச்சு. ஆடு போனால் கிடையும் போச்சு.

வங்கியில் நான் பார்த்த நில மதிப்பீட்டுப் படிவங்களில் நஞ்சை, புஞ்சை, தோட்டம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. புல்லுக்கு ஒரு கட்டம்கூட இருக்காது. எழுத்தில் மதிப்பு இல்லாத நிலத்தைத்தான் முதலில் எடுப்பார்கள்.

ஆகவே விவசாயிகளே, உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதை எடுத்துக்காட்டி, அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கருவேலத்தை வேரோடு எடுங்கள். அந்த இடத்தில் வேறு மரம் நடாமல் புல்லை வர விடுங்கள். ஆடு மேயட்டும்.