கவுண்டரை விட்டு வார்டுக்கு வருகிறார் மருந்தாளுநர்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மனுஷனுக்குச் சர்க்கரையும் உண்டு. காலையில் நர்சு கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். "நம்ம மாத்திரையையும் போடணும்ல?" என்று மனைவி மஞ்சப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுக்கிறார்.

இரண்டும் ஒரே மருந்து! வீட்டு மாத்திரையில் கம்பெனி வைத்த பெயர். ஆஸ்பத்திரி மாத்திரையில் 'கிளிமிபிரைடு' என்ற மருந்தின் சொந்தப் பெயர். காய்ச்சலில் சாப்பாடும் இறங்கவில்லை. மதியத்துக்குள் குப்பென்று வேர்க்கிறது, கை நடுங்குகிறது, நினைவு தப்புகிறது. சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது.

டாக்டர் எழுதியது சரி. நர்சு கொடுத்ததும் சரி. அந்தப் பையைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

பெயரால் வரும் வினை

அரசு ஆஸ்பத்திரி மருந்துகளை 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. சொந்தப் பெயரில்தான் வரும். விலையும் குறைவு. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு இது. ஆனால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக் கடையில் கம்பெனி பெயர் சொல்லியே வாங்கிப் பழகியவருக்கு இரண்டும் ஒன்று என்று யார் சொல்வது?

மெட்பார்மின் சர்க்கரைக்கு. மெட்ரோனிடசோல் சீதபேதிக்கு. அவசரக் கையெழுத்தில் இரண்டும் 'மெட்' என்று ஆரம்பித்து ஒரு கோடாக முடிந்துவிடும். தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று 2016-ல் மருத்துவ கவுன்சில் விதியே போட்டது. கையெழுத்து விதிக்குக் கட்டுப்படுமா என்ன!

இன்சுலின் இன்னும் சிக்கல். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100. 40-க்கு உரிய ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

பொட்டாசியம் குளோரைடு கதையே வேறு. உடம்புக்கு வேண்டிய உப்புதான். கலக்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்ப்பதற்கு, ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும். அதனால்தான் வார்டு அலமாரியில் அதை வைக்காதே, மருந்தகத்தில் பூட்டி வை என்கிறார்கள்.

ஊட்டியில் ஆரம்பம்

அந்தக் காலத்தில் கம்பவுண்டர் மிக்சர் கலக்கிச் சீசாவில் ஊற்றுவார். 1948-ல் பார்மசி சட்டம் வந்தது. படித்த மருந்தாளுநர் வந்தார். ஆனாலும் இடம் ஜன்னலுக்குப் பின்னால்தான். 1990-களின் பின்பகுதியில் ஊட்டி அரசு தலைமை மருத்துவமனையில் ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரிக்காரர்கள் வார்டுக்குள் நுழைந்தார்கள். டாக்டரோடு ரவுண்டு போனார்கள், கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள்.

2008-ல் 'பார்ம்.டி.' என்ற 6 வருடப் படிப்பே வந்துவிட்டது. 300 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி கைவசம் இல்லாத கல்லூரி இதை நடத்த முடியாது. நம் பக்கத்தில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இந்தப் படிப்பு இருக்கிறது.

இவர் வார்டில் என்ன செய்வார்? நோயாளி சேர்ந்த அன்றே வீட்டு மாத்திரைகளைக் கொட்டிப் பார்த்துப் பட்டியல் எழுதுவார். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு கூடிவிட்டதா என்று கணக்குப் போடுவார். டாக்டரிடம் "சார், இதையும் அதையும் சேர்த்துக் கொடுத்தா ரத்தம் கசியும்" என்பார். டிஸ்சார்ஜ் அன்று எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தமிழில் சொல்லி அனுப்புவார்.

பலன் உண்டா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சை வார்டில் மருந்தாளுநரை ரவுண்டில் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்து எழுதுவதில் நேரும் தவறால் வந்த, தடுத்திருக்கக்கூடிய பாதிப்பு 66 சதவீதம் குறைந்தது! 1999-ல் முடிவு வெளியானது. அவர் சொன்ன 366 யோசனைகளில் 362-ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மருந்துத் தவறுகளால் உலகத்துக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் நஷ்டம் என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது.

வேலை எங்கே?

படித்தவர் இருக்கிறார், நாற்காலிதான் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் என்றால் பெரும்பாலும் கவுண்டர் வரிசையும் ஸ்டாக் ரிஜிஸ்டரும்தான். ஆவடியோ அம்பத்தூரோ, வார்டுக்கு ஒருவர் என்றுகூட வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம் ஒருவர் படுக்கை படுக்கையாக நடந்தாலே பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ஒரு ஐ.சி.யூ. நாள் செலவுக்கு முன் அவர் சம்பளம் பெரிய காசில்லை.

அதுவரை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டு மருந்து அத்தனையையும், சித்த மருந்து, சளி மாத்திரை உட்பட, அட்டையோடு கொண்டுபோய் முதலில் நர்சிடம் காட்டிவிடுவது நல்லது. மருந்தால் பக்கவிளைவு வந்தால் புகார் பதிய மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024.