சைக்கிளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

ஸ்போக்கன் இங்கிலீஷ் தேர்வில் "டூ யூ ஹேவ் எ பைசைக்கிள்?" என்று கேட்டால் நம்மில் பலர் "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறோம். தமிழ் மீடியம் பசங்களுக்கு வார்த்தை வராது என்பார்கள். நண்பர்களே, வார்த்தை நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு! ஹாண்டில்பார், பெடல், செயின், ரிம், ஸ்போக், மட்கார்டு, ஃப்ரீவீல் எல்லாமே இங்கிலீஷ்தானே? பஞ்சரை 'பங்க்சர்' என்றும் வால்டியூபை 'வால்வ் ட்யூப்' என்றும் திருத்திச் சொன்னால் போதும். சைக்கிள் கடை அண்ணன்தான் நமக்கு முதல் இங்கிலீஷ் வாத்தியார்.

இடறுவது வினைச்சொல்லில்தான். தமிழில் பஸ்ஸையும் ஓட்டுகிறோம், சைக்கிளையும் ஓட்டுகிறோம். அதனால் 'டிரைவ்' என்று வாயில் வந்துவிடும். சைக்கிளுக்கு 'ரைடு' என்றே சொல்ல வேண்டும். செயின் கழன்றுவிட்டதா? 'தி செயின் கேம் ஆஃப்.' காற்றடித்தீர்களா? 'ஐ பம்ப்ட் அப் தி டயர்.' 'ஐ கம் பை சைக்கிள்' சரி. ஆனால் நடுவில் 'மை' வந்தால் 'பை' போய்விடும்: 'ஐ கம் ஆன் மை சைக்கிள்.'

சைக்கிளால் என்ன பயன் என்ற கேள்விக்கு எல்லோரும் 'நோ பொல்யூஷன்' என்பார்கள். கேட்டுக் கேட்டு எக்ஸாமினருக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் வேலைக்கும் சந்தைக்கும் போனார்களே, அதைச் சொல்லுங்கள். நம்ம ஊர் விஷயமும் இருக்கு: 'டி.ஐ. சைக்கிள்ஸ் வாஸ் ஸ்டார்ட்டட் இன் அம்பத்தூர் இன் 1949.' பேசிவ் வாய்ஸும் அதிலேயே வந்தாச்சு!